ஒன்றுவிட்ட அண்ணனும் இளையகுடியா மகனும்

கேள்வி: 'ஸ்டெப் பிரதர்' என்பதை 'ஒன்றுவிட்ட அண்ணன்' என்று என் மகன் கட்டுரையில் எழுதியிருக்கிறான். 'ஸ்டெப்' என்றால் ஒரு படி தள்ளி என்றுதானே பொருள்? அப்படியானால் அவன் எழுதியது சரிதானே? — வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: படியும் இல்லை, ஏணியும் இல்லை. அந்த 'ஸ்டெப்' வேறு வேர். பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டியோப்' என்றால் பறிகொடுத்த, அநாதையான என்று பொருள். தாயையோ தகப்பனையோ இழந்த பிள்ளைக்கு முன்னால் ஒட்டிய சொல், பிறகு வீட்டுக்குள் புதிதாக வந்த எல்லோரோடும் ஒட்டிக்கொண்டது.

'ஒன்றுவிட்ட அண்ணன்' உங்கள் பெரியப்பா மகன். அவனைப் போய் 'ஸ்டெப் பிரதர்' ஆக்கினால், பெரியம்மையை உங்கள் அப்பாவுக்குக் கட்டிவைத்த கணக்காகிவிடும். கட்டுரையைப் பெரியப்பா வீட்டுப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

தமிழில் இதற்கு 'மாற்றாந்தாய் மகன்' உண்டு. மாற்றாள் என்றால் சக்களத்தி. எதிரியைச் சொல்லும் 'மாற்றான்' இதற்கு நெருங்கிய சொந்தம். அம்மையின் மனத்தாங்கலைப் பிள்ளையின் தலையில் ஏற்றிய சொல் இது. நம் ஊர்ப் பேச்சில் 'மூத்தகுடியா மவன்', 'இளையகுடியா மவன்'. இங்கேயும் எண்ணப்படுவது பெண்டாட்டிகள்தான், பிள்ளைகள் அல்ல.

'சகோதரன்' என்று எழுதித் தப்பிக்கலாம் என்றால், சக உதரம், ஒரே வயிறு என்று அந்தச் சொல்லே மறிக்கும். 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமும் வயிறு பார்க்கிறது: தகப்பன் ஒருவர், தாய் வேறு என்றால் அரை ரத்த உறவு, தாய் ஒருத்தி, தகப்பன் வேறு என்றால் அதற்குத் தனிப் பெயர். இரண்டு பேருமே வேறு என்றால்தான் ஆங்கிலக்காரன் கணக்கில் சரியான 'ஸ்டெப்'. நம் 'மாற்றாந்தாய் மகன்' அவ்வளவு நுணுக்கம் பார்க்காது.

ஆனால் 'அண்ணன்', 'தம்பி' இரண்டிலும் வயிறே கிடையாது. வயசு மட்டும்தான். சின்ன வயதில் ஒரு பாகப் பேச்சுக்கு அப்பாவோடு போயிருந்தேன். திண்ணையில் இலை போட்டுச் சாப்பிடும்வரை "அண்ணாச்சி, கொஞ்சம் ரசம் ஊத்துங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் வாங்கிக் குடித்தவர், ஆற்றங்கரைத் தென்னந்தோப்புக்குப் பேச்சு வந்ததும் "மூத்தகுடியா மவனுக்கு எதுக்குவே அது?" என்றார்.

உங்கள் மகனை 'அண்ணன்' என்றே எழுதச் சொல்லுங்கள். கதைக்குத் தேவைப்பட்டால் அடுத்த வரியில் 'அவனுக்கு அம்மா வேறு' என்று சேர்த்துக்கொள்ளட்டும்.