8 ஆண்டு, 13 கோடி டாலர்: இளம் பேஸ்பால் வீரரின் ஒப்பந்தத்தைக் கணக்குப் போடுவது எப்படி?

கேள்வி: பாஸ்டனில் வசிக்கிறேன். எங்கள் ஊர் பேஸ்பால் அணியான ரெட் சாக்ஸின் ஆட்டங்களைத் தொடர்ந்து பார்ப்பவன். 2025 ஆகஸ்டில் அந்த அணியின் இளம் வீரர் ரோமன் ஆன்டனிக்கு 8 ஆண்டுக்கு 13 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டார்கள். அப்போது அவர் உச்சமட்டமான மேஜர் லீக்குக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அட்லாண்டா அணி அக்குன்யாவை 10 கோடிக்கு மடக்கியது கொள்ளை லாபம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியென்றால் பாஸ்டன் அதிகம் கொடுத்துவிட்டதா? அல்லது ஆன்டனி அவசரப்பட்டுவிட்டாரா? இப்படி ஒரு செய்தி வரும்போது நாமே கணக்குப் பார்க்க வழி உண்டா?

பதில்: வழி உண்டு. முதலில் அந்தப் பெரிய மொத்தத் தொகையை மறந்துவிடுங்கள். அணி உண்மையில் எத்தனை ‘ஃப்ரீ ஏஜென்ட்’ ஆண்டுகளை, அதாவது வீரர் எந்த அணியோடும் விலை பேசச் சுதந்திரம் பெற்றிருக்கக்கூடிய ஆண்டுகளை, வாங்கியிருக்கிறது, ஒவ்வொன்றையும் என்ன விலைக்கு வாங்கியிருக்கிறது என்று பாருங்கள். 10 கோடியும் 13 கோடியும் எங்கே வேறுபடுகின்றன என்பது அப்போது தெரிந்துவிடும்.

ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டாலும் ஓர் இளம் வீரர் ஆறு ஆண்டு அந்த அணியின் கையில்தான் இருப்பார். முதல் மூன்று ஆண்டு, குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டி அணி கொடுப்பதுதான் சம்பளம். 2026-இல் அந்தக் குறைந்தபட்சம் 7.8 லட்சம் டாலர். நன்றாக ஆடும் இளைஞர்கள் 100 பேருக்கு ஆண்டுக்கு 5 கோடி டாலர் போனஸ் நிதி பிரித்துக் கொடுக்கப்படுவது தனி. அடுத்த மூன்று ஆண்டு ஆர்பிட்ரேஷன். அணி ஒரு தொகை சொல்லும், வீரர் ஒரு தொகை சொல்வார். பேச்சில் முடியாவிட்டால் மூன்று நடுவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். நடுவில் ஒரு தொகையை அவர்கள் சொல்ல முடியாது. ஆறு ஆண்டு முடிந்த பிறகுதான் எந்த அணியோடும் விலை பேசும் சுதந்திரம்.

ஆக, நீண்ட ஒப்பந்தத்தின் முதல் ஐந்தாறு ஆண்டுகள் எப்படியும் அணிக்குச் சொந்தமானவை. அவற்றுக்குத் தரும் பணம், ஆண்டுக்கு ஆண்டு கொடுக்க வேண்டியதை முன்கூட்டியே உறுதி செய்வது மட்டுமே. அதற்குப் பிறகு வரும் ஆண்டுகளுக்குத்தான் அணி இந்த ஒப்பந்தத்தைப் போடுகிறது.

எனவே முதல் வேலை, அந்த ஆறு ஆண்டு எப்போது முடிகிறது என்று கண்டுபிடிப்பது. சீசன் சுமார் 186 நாள். அதில் 172 நாள் மேஜர் லீக் பட்டியலில் இருந்தால் அது ஒரு முழு சேவை ஆண்டு. காயப் பட்டியலில் இருக்கும் நாள்களும் சேரும். கீழ்மட்டமான மைனர் லீக்குக்கு அனுப்பப்பட்ட நாள்கள் சேராது. ஆனால் ஒரு சீசனில் அப்படி அனுப்பப்பட்டது மொத்தம் 20 நாளுக்குள் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்வார்கள். சேவைக்காலத்தை 2.112 என்பதுபோல எழுதுவார்கள். புள்ளியைப் பார்த்து இதைத் தசமம் என்று எடுத்துக்கொண்டு தவறிப்போகிறவர்கள் அதிகம். இதன் பொருள் 2 ஆண்டு 112 நாள். புள்ளிக்குப் பின்னால் 171-க்கு மேல் போகவே போகாது.

அந்த 171-க்கு ஒரு கதை உண்டு. 2015-இல் சிகாகோ கப்ஸ் அணி கிறிஸ் பிரையன்டை ஏப்ரல் 17 அன்றுதான் மேலே அழைத்தது. சீசன் முடிவில் அவர் கணக்கு 171 நாள். ஒரே ஒரு நாள் குறைந்ததால் அணிக்கு இன்னொரு முழு ஆண்டு கிடைத்தது. அவர் கொடுத்த புகார் 2020-இல் தள்ளுபடியானது. 2020 முடிவில் கிடைத்திருக்க வேண்டிய சுதந்திரம் 2021 முடிவுக்குத் தள்ளிப்போனது. பிறகு 2022-இல் லீகும் வீரர் சங்கமும் போட்ட கூட்டு ஒப்பந்தத்தில், அறிமுக வீரர் விருதுக்கான வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடத்தில் வருபவருக்கு எத்தனை நாள் ஆடியிருந்தாலும் முழு ஆண்டு தரப்படும் என்று விதி சேர்த்தார்கள்.

இதை ஆன்டனிக்குப் போட்டுப் பாருங்கள். அவர் மேலே வந்தது 2025 ஜூன் 9. சீசன் முடிந்தது செப்டம்பர் 28. அதாவது 112 நாள். விருது வாக்கெடுப்பில் மூன்றாவதாக வந்ததால் முழு ஆண்டுச் சலுகை கிடைக்கவில்லை. ஆகவே 2026 முதல் 2031 வரை ஆறு முழு சீசன் ஆடினால்தான் சுதந்திரம்; அப்போது வயது 27. இன்னொன்றையும் இங்கே பார்க்க வேண்டும். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடைப்பட்ட சேவை ஆண்டில் இருப்பவர்களில் மேல்மட்ட 22 சதவீதத்தினருக்கு ஓராண்டு முன்னதாகவே ஆர்பிட்ரேஷன் கிடைக்கும். ‘சூப்பர் டூ’ என்பார்கள். அந்தக் கோடு சமீப ஆண்டுகளில் 2.115-க்கும் 2.140-க்கும் இடையில் விழுந்திருக்கிறது. 2025-இன் 112 நாளோடு 2026, 2027 இரண்டு முழு சீசனைச் சேர்த்தால் ஆன்டனிக்கு வரும் 2.112 மயிரிழையில் வெளியே நிற்கிறது.

ஒப்பந்தம் 2026-இல் தொடங்கி 2033 வரை. எட்டில் ஆறு ஆண்டு ஏற்கெனவே பாஸ்டனுடையவை. புதிதாக வாங்கியது 2032, 2033 என்ற இரண்டு மட்டுமே. அதற்கு மேல் 2034-க்கு ஒரு கிளப் ஆப்ஷன்: வேண்டுமா வேண்டாமா என்று அணி மட்டும் முடிவு செய்யும் ஆண்டு.

அடுத்து விலை. ஒப்பந்தம் இல்லாமல் ஆண்டுக்கு ஆண்டு போயிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று நான் ஒரு மதிப்பீடு போடுகிறேன். இவை என் ஊகத் தொகைகள். உங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம். ஆன்டனி எல்லோரும் எதிர்பார்ப்பதுபோல நட்சத்திரமானால்: முதல் மூன்று ஆண்டு சேர்த்து 30 லட்சம், ஆர்பிட்ரேஷனில் 1.2, 1.8, 2.4 கோடி என்று 5.4 கோடி, சந்தையில் இரண்டு ஆண்டுக்கு 8 கோடி. மொத்தம் 13.7 கோடி. சராசரி ஆட்டக்காரராக நின்றுவிட்டால் இதே எட்டு ஆண்டில் 5 முதல் 6 கோடிக்குள்தான் வரும். ஆட்டம் எடுபடாமல் போனால் அரைக் கோடி வந்தாலே பெரிது. நவம்பர் கெடுவுக்குள் புது ஒப்பந்தம் கொடுக்காமல் விட்டுவிடும் உரிமை அணிக்கு உண்டு. நட்சத்திரமாக 50 சதவீதம், சராசரியாக 30, தோல்விக்கு 20 என்று வாய்ப்பு வைத்தால் எதிர்பார்ப்புத் தொகை 9 கோடிக்கும் கீழே நிற்கிறது.

பாஸ்டன் கொடுத்தது 13. இவர் நட்சத்திரமாவார் என்பதில் அணிக்கு என் 50 சதவீதத்தைவிட மிக அதிக நம்பிக்கை இருந்திருக்கிறது. நட்சத்திரத்துக்கு மேலே போய்விட்டால் 2034 ஆப்ஷன் அவர்களிடம் இருக்கிறது. நட்சத்திரக் கணக்கிலேயே முதல் ஆறு ஆண்டுக்கு 5.7 கோடியைக் கழித்தால், மிச்சம் 7.3 கோடி இரண்டு சுதந்திர ஆண்டுகளுக்கு, ஒன்றுக்கு 3.65 கோடி. 21 வயதில், இரண்டு மாத ஆட்டத்தைக் காட்டி இந்த விலை வாங்கியவர் அவசரப்பட்டார் என்று நான் சொல்லமாட்டேன். விருதுகளைப் பொறுத்துத் தொகை உயரும் விதிகளும் இதில் உண்டு. ஒப்பந்தம் முடியும்போது வயது 29, ஆப்ஷனை எடுத்தால் 30. இன்னொரு பெரிய ஒப்பந்தத்துக்கு நேரம் இருக்கிறது.

இப்போது 2019 ஏப்ரலில் அட்லாண்டா போட்ட இரண்டு ஒப்பந்தங்களைப் பாருங்கள். ரொனால்ட் அக்குன்யா ஜூனியருக்கு 8 ஆண்டு, 10 கோடி. ஆண்டுவாரியாகப் பிரித்தால் முதல் இரண்டு ஆண்டு தலா 10 லட்சம், பிறகு 50 லட்சம், 1.5 கோடி, கடைசி நான்கு ஆண்டு தலா 1.7 கோடி. கூட்டினால் 9 கோடிதான் வரும். மிச்ச ஒரு கோடி ‘பைஅவுட்’: 2027 ஆப்ஷனை அணி வேண்டாம் என்றால் கொடுத்தாக வேண்டிய தொகை. அறிவிக்கப்படும் உறுதித் தொகைக்குள் இதுவும் அடங்கியிருக்கும். ஆகவே 1.7 கோடி என்று எழுதியிருக்கும் அந்த ஆப்ஷன் ஆண்டுக்கு அணி யோசிக்க வேண்டியது 70 லட்சம் மட்டுமே. ஒரு கோடி எப்படியும் போகப்போகிற பணம். 2028-க்கும் இன்னொரு 1.7 கோடி ஆப்ஷன். அவருடைய இயல்பான சுதந்திரம் 2024 முடிவில் வந்திருக்கும். எனவே அட்லாண்டா நான்கு சுதந்திர ஆண்டுகளை, 2025 முதல் 2028 வரை, தலா 1.7 கோடிக்கு வாங்கியிருக்கிறது. 2023-இல் 41 ஹோம் ரன், 73 பேஸ் திருட்டு என்று லீகின் மிகச்சிறந்த வீரர் விருதை ஒருமனதாக வென்ற ஆண்டிலும் சம்பளம் அதே 1.7 கோடி.

ஓஸி ஆல்பீஸ் கதை இன்னும் வருத்தமானது. 7 ஆண்டு, 3.5 கோடி, அதில் 40 லட்சம் பைஅவுட். அவருக்கு 2023 முடிவில் சுதந்திரம் வந்திருக்கும். 2024, 2025 இரண்டும் தலா 70 லட்சம். 2026, 2027 ஆப்ஷன்களும் தலா 70 லட்சம். நான்கு சுதந்திர ஆண்டுகள், ஒவ்வொன்றும் 70 லட்சத்துக்கு! ஒப்பிட ஹுவான் சோட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். வாஷிங்டன் 2022-இல் காட்டிய 15 ஆண்டு, 44 கோடி டாலரை மறுத்தார். காத்திருந்து 2024 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸிடம் 15 ஆண்டுக்கு 76.5 கோடி வாங்கினார். ஆண்டுக்கு 5.1 கோடி.

ஆனால் சோட்டோவை வைத்து எல்லோருக்கும் ‘காத்திரு’ என்று சொல்லிவிட முடியாது. அக்குன்யா வெனிசுவேலாவிலிருந்து ஒரு லட்சம் டாலர் போனஸுக்குக் கையெழுத்திட்டு வந்தவர். கையில் சேமிப்பில்லாத 21 வயதுப் பையனுக்கு, ஒரு முழங்கால் போனால் எல்லாம் போச்சு என்ற நிலையில், 10 கோடி என்பது தலைமுறைக்கான காசு. அணிகள் வாங்குவது இந்தப் பயத்தைத்தான். பெரிய போனஸோடு வந்தவருக்கு அந்தப் பயம் குறைவு. பேரத்தில் அவர் நின்று பேசலாம். அக்குன்யாவின் ஒப்பந்தத்தில் நான் குறை காண்பது தொகையை அல்ல, இரண்டு ஆப்ஷன்களை அணியின் கையில் கொடுத்ததை. ஆப்ஷன் ஒன்றைக் குறைத்திருந்தாலே 30 வயதுக்குள் சந்தைக்கு வந்திருப்பார். பாபி விட் ஜூனியர் 2024-இல் கான்சஸ் சிட்டியோடு 11 ஆண்டு, 28.87 கோடிக்குப் போட்ட ஒப்பந்தத்தில், ஏழாம் ஆண்டு முடிவிலிருந்து விரும்பினால் விலகிக்கொள்ளும் உரிமை அவர் கையில் இருக்கிறது. செய்தியில் ‘ஆப்ஷன்’ என்ற சொல்லைப் பார்த்தவுடன் அது யாருடையது என்று தேடுங்கள்.

அணிகளும் தோற்கின்றன. மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட ஆடாதவருக்குக் கொடுக்கும்போது இது அதிகம். ஹூஸ்டன் 2014-இல் ஜான் சிங்கிள்டனுக்கு 5 ஆண்டு, 1 கோடி; பிலடெல்பியா 2018-இல் ஸ்காட் கிங்கரிக்கு 6 ஆண்டு, 2.4 கோடி, சியாட்டில் 2019-இல் எவன் வைட்டுக்கு அதே 6 ஆண்டு, 2.4 கோடி. மூன்றும் எடுபடவில்லை. மைனர் லீக்கில் அடித்த அடி மேலே வந்ததும் செல்லாமல் போவது வழக்கம். அதிவேகப் பந்தும் அதற்கேற்ற திருப்பமும் ஒரே கையிலிருந்து வருவதை அவர்கள் மேஜர் லீக்கில்தான் தினமும் பார்க்கிறார்கள். உங்கள் அணியிலேயே கிறிஸ்டியன் கேம்பல் இருக்கிறார். 2025 ஏப்ரலில் 8 ஆண்டு, 6 கோடி; ஜூனில் மைனர் லீக்குக்குத் திருப்பி அனுப்பினார்கள். பேஸ்பாலில் இந்தப் பணம் உறுதியானது. எங்கே ஆடினாலும் கொடுத்தாக வேண்டும். அப்படியும் அணிகள் தொடர்வதற்குக் காரணம், ஒரு அக்குன்யா மிச்சப்படுத்தித் தரும் தொகை பல கிங்கரிகளின் இழப்பை ஈடுகட்டிவிடும். மில்வாக்கி 2023 டிசம்பரில், ஆடத் தொடங்காத ஜாக்சன் சூரியோவுக்கு 8 ஆண்டு, 8.2 கோடி கொடுத்ததும் இந்தக் கணக்கில்தான்.

பந்து வீசுபவர்களுக்கு இதே சூத்திரத்தைப் போடாதீர்கள். முழங்கைத் தசைநார் எப்போது கிழியும் என்று சொல்ல முடியாததால் ஆண்டுகளைக் குறைத்தே கொடுப்பார்கள். ஸ்பென்சர் ஸ்ட்ரைடருக்கு 2022 அக்டோபரில் 6 ஆண்டு, 7.5 கோடி. 2023-இல் 281 ஸ்ட்ரைக்அவுட். 2024 ஏப்ரலில் முழங்கை அறுவை சிகிச்சை. தோல்வி வாய்ப்பை 20-இலிருந்து 35, 40 என்று உயர்த்திக் கணக்கிட்டால் நிலவரத்துக்கு நெருங்கிவரும்.

லக்சரி டாக்ஸ், அதாவது அணியின் மொத்தச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் கட்ட வேண்டிய வரி, அந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் பெரிய அணிகளின் நடத்தை புரியும். வரிக்கு அந்தந்த ஆண்டுச் சம்பளத்தை எடுக்கமாட்டார்கள். உறுதித் தொகையை ஆண்டுகளால் வகுத்த சராசரியை எடுப்பார்கள். ஆன்டனியின் கணக்கு ஆண்டுக்கு 1.625 கோடி. 2026 வரம்பான 24.4 கோடியில் அது முதல் நாளிலிருந்தே இடம் பிடிக்கிறது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 8 லட்சத்தைச் சுற்றித்தான் இருந்திருக்கும். முன்னால் வலிக்கும், 2031-க்குப் பிறகு, சந்தையில் 4 கோடிக்குப் போகும் ஆட்டக்காரர் 1.6 கோடியாகக் கணக்கில் நிற்கும்போது அந்த வலிக்குப் பலன் கிடைக்கும். வரம்பை ஒட்டி நிற்கும் அணிக்கு இது பெரிய விஷயம். வரம்புக்கு வெகு கீழே இருக்கும் மில்வாக்கி, கான்சஸ் சிட்டி போன்றவை இதைப் பொருட்படுத்தவே தேவையில்லை.

‘8 ஆண்டு ஒப்பந்தம்’ என்றால் எட்டு ஆண்டும் பாஸ்டனில்தான் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மாற்றத் தடை விதி தனியாக எழுதப்பட்டிருந்தால் ஒழிய, வீரரை ஒப்பந்தத்தோடு வேறு அணிக்கு அனுப்பலாம். பத்து ஆண்டு சேவை, அதில் கடைசி ஐந்தும் ஒரே அணியில் என்றால்தான் மறுக்கும் உரிமை தானாக வரும். டாம்பா பே 2008-இல் எவன் லாங்கோரியாவுக்கு, அவர் முதல் ஆட்டம் ஆடி ஆறே நாளில், 6 ஆண்டு, 1.75 கோடி ஒப்பந்தம் போட்டது. பின்னர் அதை நீட்டித்தது. ஆனால் 2017 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பிவிட்டது.

இப்போதைய கூட்டு ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று காலாவதியாகிறது. குறைந்தபட்சச் சம்பளம், ஆர்பிட்ரேஷன் தகுதி, வரி வரம்பு எல்லாம் அப்போது மறுபடி பேரத்துக்கு வரும். அதற்குப் பிறகு கையெழுத்தாகும் ஒப்பந்தங்களுக்கு நான் மேலே கொடுத்த 172 நாள், மூன்று ஆண்டு, ஆறு ஆண்டு, 22 சதவீதம் ஆகிய நான்கு எண்களையும் புதிய விதிகளோடு சரிபார்த்துவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள்.