கிம்பர்லியில் கூடாரமும் ஹெலிகாப்டரும்: கேள்வி பதில்

மேற்கு ஆஸ்திரேலியாவின் வடபகுதியான கிம்பர்லியில் முகாமிட்டுத் தங்கி, ஹெலிகாப்டரில் சுற்றிப் பார்ப்பது குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: எந்த மாதத்தில் புறப்படலாம்?

மே மாதக் கடைசியிலிருந்து ஜூலைக்குள் சென்று வாருங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம். அருவிகள் பொங்கி வழிவது அப்போதுதான் என்றாலும், ஆறுகள் பெருகிச் சாலைகள் அடைபட்டுவிடுவதால் முகாமிட இயலாது. ஆகஸ்டுக்குப் பிறகு அருவிகள் மெலிந்துவிடும், வெயிலும் கடுமையாகிவிடும்.

கேள்வி: பர்னுலூலு தேசியப் பூங்காவுக்கு ஜீப்பிலேயே போகலாம் என்கிறார்கள். பிறகு ஹெலிகாப்டருக்கு ஏன் செலவழிக்க வேண்டும், ஐயா?

ஜீப்பில் போகலாம் என்பது உண்மைதான். பெருஞ்சாலையிலிருந்து பிரியும் 53 கிலோமீட்டர் மண்பாதை, ஓடைகளுக்குள் இறங்கி ஏறி உங்களைக் கொண்டுசேர்த்துவிடும். ஆனால் பங்கிள் பங்கிள் குன்றுகளின் அடிவாரத்தில் நின்று பார்ப்பவருக்கு முன்வரிசைக் குன்றுகள் மட்டுமே தெரியும். மேலே எழும்பிய பிறகுதான், தேன்கூடுகளைக் கவிழ்த்து அடுக்கியதுபோல் அந்த மணற்பாறைக் குவிமாடங்கள் தொலைதூரம் வரை பரந்து கிடப்பதும், அவற்றுக்கிடையே பிக்கனின்னி ஓடை வளைந்து செல்வதும் புலப்படும். குன்றுகளின் வரிகளைக் கவனித்துப் பாருங்கள். களிமண் மிகுந்த அடுக்குகளில் ஈரம் தங்குவதால் நுண்ணுயிர்ப் படலம் படர்ந்து அவை கருத்திருக்கின்றன. விரைவில் உலர்ந்துவிடும் அடுக்குகளோ இரும்புத் துரு ஏறிச் செம்மஞ்சளாகத் தெரிகின்றன. பழங்குடி மக்களும் கால்நடைப் பண்ணையாரும் அறிந்திருந்த இவ்விடம் 1983 வாக்கில்தான் வெளியுலகின் கவனத்துக்கு வந்தது. 2003-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஆயினும் பறந்துவிட்டு மட்டும் திரும்பிவிடாதீர்கள். முதல் நாள் கதீட்ரல் பள்ளத்தாக்குக்குள் நடந்துவிட்டு, மறுநாள் காலையில் பூங்காவுக்குள்ளேயே இருக்கும் ஓடுதளத்திலிருந்து பறந்தால், நடந்த வழியை மேலிருந்து அடையாளம் காண முடியும்.

கேள்வி: நாங்கள் மூவர். கூடாரம், அடுப்பு, படுக்கை அனைத்தையும் ஏற்றிக்கொண்டு தொலைவில் ஓரிடத்தில் இறங்க விரும்புகிறோம். எவ்வளவு சுமை அனுமதிப்பார்கள்?

முன்பதிவு செய்வதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. இப்பகுதியில் பெரிதும் பயன்படும் ராபின்சன் ஆர்44 வகையில் விமானியைத் தவிர மூவர் அமரலாம். தனியான சரக்கு அறை கிடையாது. இருக்கையைத் தூக்கினால் அடியில் ஒரு பெட்டி இருக்கும், அதில்தான் சாமான்களை வைக்க வேண்டும். ஒரு பெட்டிக்கு உச்சவரம்பு 23 கிலோ. அமர்பவரின் எடையும் அவருக்கு அடியிலுள்ள சுமையும் சேர்ந்து 136 கிலோவைத் தாண்டக் கூடாது. இவை தனித்தனி வரம்புகளே. இவற்றுக்கும் மேலாக எரிபொருளையும் சேர்த்த மொத்த எடைக்கு வேறொரு வரம்பு உண்டு; ஆகவே தூரம் கூடக்கூட எரிபொருளின் எடை ஏறி, நீங்கள் கொண்டுசெல்லக்கூடிய சுமை குறையும். வெப்பக் காற்று அடர்த்தி குறைந்தது என்பதால் நண்பகலில் இயந்திரத்தின் தூக்கும் திறனும் தாழ்ந்துவிடும். அனுபவமுள்ள விமானிகள் பாரமான பயணத்தை விடியற்காலையில் வைத்துக்கொள்வது இதனால்தான்.

எனவே எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். உடுத்திய உடையோடும் காலணியோடும் நிறுத்துப் பார்த்த எடையைச் சொல்லுங்கள். சுருட்டுப் படுக்கை பெட்டிக்குள் நுழையாது. கூடாரக் கம்பிகளைத் தனியே பிரித்து, துணியை மென்மையான பைகளில் அடைத்துக்கொள்ளுங்கள். சமையல் எரிவாயுக் குப்பி ஆபத்தான பொருளாகக் கருதப்படுவதால், அதை மறைத்து எடுத்துச் செல்லாமல் விமானியிடம் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி: மிட்செல் அருவிக்கு நடப்பதா, பறப்பதா?

காலைக் குளிர்ச்சியில் நடந்து சென்று, வெயில் ஏறியதும் பறந்து திரும்புங்கள். முகாமிலிருந்து ஒருவழி நடை நான்கு கிலோமீட்டருக்குச் சற்று மேல். வழியில் சிறிய மெர்ட்டன்ஸ் அருவிக்குப் பின்புறம் பாறை ஓவியங்கள் இருக்கின்றன. போகும்போதே பறந்துவிடுபவர்களுக்கு அவை கிட்டுவதில்லை. திரும்பும் பறப்பு சில நிமிடங்களே என்றாலும், நான்கு அடுக்காக விழும் அருவி முழுவதையும் ஒரே பார்வையில் காண்பது அப்போதுதான். அது வுனாம்பல் கம்பெரா மக்களின் நிலம். அவர்கள் வழங்கும் நுழைவுச் சீட்டைப் புறப்படுமுன் பெற்றுவிடுங்கள்.

கேள்வி: முதலைகள் உண்டா?

உண்டு. உவர்நீர் முதலை கடலோரத்தோடு நிற்பதில்லை, ஆற்றின் வழியே உள்நாட்டுக்கும் ஏறி வரும். நீர்விளிம்பில் கூடாரம் அடிக்காதீர்கள். மீன் கழிவையும் அங்கே கொட்டாதீர்கள்.

கேள்வி: மேலிருந்து அழகாகத் தெரியும் இடத்தில் இறக்கிவிடச் சொல்லலாமா?

கூடாது. ஆளில்லாத இடம்போல் தோன்றினாலும் அது பழங்குடியினர் நிலமாகவோ, பண்ணையாகவோ, தேசியப் பூங்காவாகவோ இருக்கும். ஒவ்வொன்றுக்கும் முன் அனுமதி தேவை. வாண்ஜினா, குவியோன் குவியோன் எனப்படும் பழங்குடியினரின் ஓவியங்கள் உள்ள பாறைகள் பல இடங்களில் இருக்கின்றன. அவற்றுக்குரிய மக்கள் அழைத்தால் அன்றி அருகில் செல்லாமலிருப்பதே முறை. மேலும், காய்ந்த ஸ்பினிபெக்ஸ் புல்மீது இறங்கினால் புகைபோக்கியின் சூட்டிலேயே தீப்பிடிக்கலாம்.

கேள்வி: பிள்ளைகளோடு ஏறி இறங்கும்போது எதில் கவனம் தேவை?

வால்பகுதிப் பக்கம் ஒருபோதும் போகக் கூடாது. சுழலும் வால்விசிறி கண்ணுக்கே தெரியாது. விமானி கைகாட்டிய பிறகு, அவர் கண்ணில் படும்படி முன்பக்கமாகக் குனிந்து செல்லுங்கள். தொப்பியைத் தலையில் வைக்காமல் கையில் இறுகப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: குறித்த நாளில் ஹெலிகாப்டர் திரும்பி வராவிட்டால்?

புகை, காற்று, இயந்திரக் கோளாறு என எதனாலும் தாமதம் நேரலாம். கைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்காது என்பதால் செயற்கைக்கோள் தொலைபேசி அவசியம். 406 மெகாஹெர்ட்ஸ் அபாய அறிவிப்புக் கருவியை ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே அதை இயக்க வேண்டும். இரண்டு நாளுக்கான உணவைக் கூடுதலாக வைத்திருங்கள். வற்றாத நீர்நிலைக்குப் பக்கத்தில் இறங்கத் திட்டமிடுங்கள். இறக்கிவிட்ட இடத்தை விட்டு நகராதீர்கள், தேடி வருபவர் முதலில் பார்ப்பது அங்கேதான். தேடி வருபவருக்கு அடையாளமாக விரிக்கும் துணி ஆரஞ்சு நிறமானால் செந்நிறப் பாறையில் எடுபடாது. வெள்ளையோ நீலமோ விரித்து, கல் வைத்து அழுத்துங்கள். ஹெலிகாப்டர் இறங்கத் தொடங்கியதும் முதல் வேலையாக அந்தத் துணியைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இறக்கைக் காற்றில் அது பறந்து விசிறியில் சிக்கினால், மீட்க வந்தவரே விபத்துக்குள்ளாவார்.