வேன் ஓட்டுநரின் பின்னணியைப் பெற்றோர் அறிய முடியுமா?

கேள்வி: எங்கள் தெருவில் ஆறு குடும்பங்கள் சேர்ந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பத் தனியார் வேன் ஒன்றை அமர்த்தப் போகிறோம். ஓட்டுநர் வெளி மாவட்டத்துக்காரர். பாலியல் குற்றவாளிகளின் பட்டியல் ஒன்று அரசிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதில் அவர் பெயர் இருக்கிறதா என்று நாங்கள் பார்க்க முடியுமா? (ஒரு தாய், மதுரை)

பதில்: பட்டியல் இருப்பது உண்மை; அதை நீங்கள் பார்க்க முடியாது என்பதும் உண்மை. மத்திய உள்துறை அமைச்சகம் 2018 செப்டம்பர் 20 அன்று தொடங்கிய பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தரவுத்தளத்தைத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் பராமரிக்கிறது. தொடக்கத்திலேயே சுமார் 4.4 லட்சம் பதிவுகள் கொண்டிருந்த அது, காவல்துறைக்கும் விசாரணை அமைப்புகளுக்கும் மட்டுமே திறக்கும். அமெரிக்காவில் 1996-இல் வந்த மேகன் சட்டத்தின் விளைவாக இத்தகைய விவரங்கள் பொதுமக்களுக்குத் தெரிவிக்கப்படுகின்றன. அந்நாட்டின் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றத்தின் தன்மைக்கேற்ப 15 ஆண்டுகளோ, 25 ஆண்டுகளோ, ஆயுள் முழுவதுமோ குற்றவாளி தம் முகவரியைப் பதிவு செய்து வர வேண்டும். விடுதலையாகும் ஒவ்வொருவர்மீதும் அப்படியொரு கடமையை நம் சட்டம் சுமத்தவில்லை.

தண்டனை கடுமையாகிவிட்டதே என்று நீங்கள் எண்ணலாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2019-இல் திருத்தப்பட்டபின், 12 வயதுக்கு உட்பட்ட குழந்தையை வன்புணர்வு செய்தவருக்குக் குறைந்தது 20 ஆண்டுச் சிறையும், மரணதண்டனை வரையிலும் விதிக்கலாம். ஆனால் தொடுதல், தடவுதல் போன்ற குற்றங்களுக்கான தண்டனையை அத்திருத்தம் உயர்த்தவில்லை. அவை 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இழைக்கப்பட்டாலும் தண்டனை 5 முதல் 7 ஆண்டுகள்தான். அதை முடித்துவிட்டு வருபவர் வேறு ஊரில் வேன் ஓட்ட வருவதை எந்தப் பொதுப்பட்டியலும் உங்களுக்குச் சொல்லாது.

ஆகவே உங்களுக்கு உள்ள வழி காவல்துறைச் சரிபார்ப்பு. பள்ளிகள் தம் ஊழியர் அனைவரையும், ஒப்பந்த ஊழியர் உட்பட, குறிப்பிட்ட கால இடைவெளியில் சரிபார்க்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டுப் போக்சோ விதிகள் கட்டளையிடுகின்றன. நீங்களே அமர்த்தும் வேன் ஓட்டுநரோ பள்ளியின் ஊழியர் அல்லர். பள்ளி கைவிரித்தால் வாதிடுவது கடினம். எனவே, தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிச் சரிபார்ப்புச் சேவையில் அவரையே விண்ணப்பிக்கச் சொல்லி, அறிக்கையை வாங்கிப் பாருங்கள். இப்போதைய முகவரியோடு சொந்த ஊர் முகவரியும் விண்ணப்பத்தில் இருப்பது மிக முக்கியம்.

அந்த அறிக்கை பதிவான வழக்குகளை மட்டுமே காட்டும் என்பதையும் மறவாதீர்கள். நான் நடத்திய ஒரு வழக்கில், சாட்சி சொல்ல வந்த சிறுமிக்குக் குற்றஞ்சாட்டப்பட்டவரின் பெயரே தெரியவில்லை. கடைசிவரை "வேன் மாமா" என்றுதான் சொன்னாள். அவர்மேல் அதற்குமுன் ஒரு வழக்கும் இல்லை. எல்லாப் பிள்ளைகளும் இறங்கியபின், கடைசி நிறுத்தம் வரை அவள் தனியாக உட்கார்ந்து வந்த அந்தப் பத்து நிமிடங்களில்தான் எல்லாம் நடந்தது. சரிபார்ப்பைவிட இதைத்தான் உங்களிடம் வலியுறுத்த விரும்புகிறேன்: எந்தக் குழந்தையும் வேனில் தனியாக மிஞ்சக் கூடாது. கடைசி நிறுத்தத்தில் இரண்டு வீட்டுப் பிள்ளைகளாவது சேர்ந்து இறங்கும்படி வழியை மாற்றுங்கள். முடியாவிட்டால் உதவியாளராக ஒரு பெண்ணை அமர்த்தி, அந்தச் செலவை ஆறு குடும்பங்களும் பகிர்ந்துகொள்ளுங்கள்.

பின்னாளில் சந்தேகம் எழுந்தால், ஓட்டுநரின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அது அவதூறு வழக்கில் முடியலாம். குழந்தையின் அடையாளம் வெளிப்பட்டால் போக்சோ 23-ஆம் பிரிவின்கீழ் வெளியிட்டவரே குற்றவாளியாவார். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள், அல்லது காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள். குற்றம் நடக்கக்கூடும் என்ற அச்சத்தைக்கூட 19-ஆம் பிரிவின்கீழ்த் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மேல் உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ தொடுக்க முடியாது. குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருந்தால், ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. உறவினர், அண்டை வீட்டார் என்று பார்த்து மூடி மறைக்கும் பெரியவர்களுக்கும் இது பொருந்தும்.