ரப்பர் படகின் ட்யூப்களுக்கு அழுத்தத் தணிப்பு வால்வு எப்படித் தேர்ந்தெடுப்பது? ஒன்று போதுமா?

மூன்று காற்றறைகள் கொண்ட ரப்பர் படகைக் குளச்சலில் கரையேற்றி வைத்திருப்பதாகவும், நண்பகல் வெயிலில் ட்யூப்கள் கல்லைப் போல இறுகிவிடுவதாகவும் சொல்லி, மிகைக் காற்றைத் தானே திறந்து வெளியேற்றும் தணிப்பு வால்வில் எந்த அழுத்தத்தில் திறப்பதை வாங்க வேண்டும், ஒன்று போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் முட்டம் பகுதியில் அவுட்போர்டு எஞ்சின்களோடு இத்தகைய படகுகளையும் பழுதுபார்த்து வருபவன். ஒன்று போதாது, அறைக்கு ஒன்று வேண்டும். எந்த அழுத்தம் என்பதற்கான விடை உங்கள் படகின் மீதே இருக்கிறது: எஞ்சின் மாட்டும் பின்பலகையில் ஒட்டியுள்ள தகட்டில் ட்யூபுக்கு உரிய அழுத்தத்தை அச்சிட்டிருப்பார்கள். பெரும்பாலான படகுகளில் அது 0.2 முதல் 0.25 பார் (அழுத்தத்தின் அலகு) வரை இருக்கும்.

வெயில் என்ன செய்கிறது என்பதை ஒரு கணக்காகப் பார்ப்பது நல்லது. அதிகாலையில் காற்று 27 டிகிரியில் இருக்கும்போது நீங்கள் 0.25 பார் ஏற்றுகிறீர்கள் என்று கொள்வோம். நம் அழுத்தமானி காட்டுவது வெளிக்காற்றைவிட அதிகமாக உள்ள அழுத்தத்தை மட்டுமே என்பதால், வெளிக்காற்றின் 1.01 பாரையும் சேர்த்தால் உள்ளே உண்மையில் இருப்பது ஏறத்தாழ 1.26 பார். கறுப்பு அல்லது அடர்சாம்பல் நிற ட்யூபுக்குள் இருக்கும் காற்று மதியத்தில் 57 டிகிரியை எட்டினால், வெப்பநிலை தனி அளவீட்டில் (கெல்வினில்) 300-இலிருந்து 330 ஆகிறது. அதாவது பத்து சதவீத உயர்வு. மொத்த அழுத்தமும் அதே விகிதத்தில் 1.39 ஆக உயரும்போது, மானியில் 0.25 இருந்த இடத்தில் ஏறத்தாழ 0.38 நிற்கும். துணி சற்று விரிந்து கொடுப்பதால் நடைமுறையில் இது கொஞ்சம் குறையும். ஆனாலும் சூட்டில் இளகிய பசையும் கூடிய அழுத்தமும் ஒரே நேரத்தில் ட்யூபின் ஒட்டிய இணைப்புகளைச் சோதிக்கின்றன என்பதே உண்மையான ஆபத்து. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலில் மதியம் வெறுங்காலோடு நின்றவர்களுக்கு, அதன்மேல் கிடக்கும் ட்யூபின் அடிப்பகுதி எவ்வளவு சூடாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே தகட்டில் உள்ள உச்ச அழுத்தத்தில் திறக்கும் வால்வையே வாங்குங்கள். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அதைவிடக் குறைந்த அளவைத் தேர்ந்தெடுப்பது தவறு. அப்படிச் செய்தால் ட்யூப் ஒருபோதும் விறைப்பாக நிற்காது, அலையில் படகு நடுவில் மடியும். இங்கே அலகைக் கவனிக்க வேண்டும். 0.25 பார் என்பது 250 மில்லிபார், 25 கிலோபாஸ்கல், 3.6 பிஎஸ்ஐ. ஒருமுறை ஒருவருக்காக வரவழைத்த வால்வு 2.5 பிஎஸ்ஐ அளவினதாக இருந்தது, "2.5" என்ற எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நானும் அதைப் பொருத்திவிட்டேன். அது வெறும் 0.17 பார். எவ்வளவு மிதித்தாலும் காற்று சீறிக்கொண்டு வெளியேறியது; ட்யூபைக் கட்டைவிரலால் அழுத்தினால் முதல் கணு வரை குழிந்தது. பிரிட்டனின் லீஃபீல்டு போன்ற நிறுவனங்கள் இத்தகைய வால்வுகளைப் பல அழுத்த அளவுகளில் தருகின்றன, தோற்றத்தை வைத்து எது எந்த அளவு என்று சொல்லிவிட முடியாது. அதனால் இப்போதெல்லாம் அலகோடு சேர்த்து எழுதித்தான் கேட்கிறேன்.

அறைக்கு ஒன்று ஏன் என்றால், அறைகளுக்கு நடுவில் உள்ள தடுப்புத் துணி காற்றைக் கடத்தாது. முன் அறையில் மட்டும் வால்வு இருந்தால் அது 0.25-இல் நின்றுவிடும், பக்கத்து அறை 0.38 வரை ஏறும். அந்த வேறுபாட்டின் சுமை முழுவதும் தடுப்பின் மீது விழும். தடுப்பு உள்ளே கிழிந்தால் வெளியில் எதுவும் தெரியாது, ஒட்டுவதற்குக் கையும் எட்டாது.

வால்வு இருக்கும் படகில் பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு. கரையில் வெயிலுக்குத் தன் மிகைக் காற்றை வெளியேற்றிய ட்யூபை 28 டிகிரிக் கடலில் இறக்கினால் உள்ளே உள்ள காற்று குளிர்ந்து அழுத்தம் விழும். மேற்சொன்ன கணக்கையே திருப்பிப் போட்டால், முழுமையாகக் குளிரும்போது மானி 0.14-ஐக் காட்டும். ட்யூபின் மேற்பாதி வெயிலில் இருப்பதால் அந்த அளவுக்கு விழாது என்றாலும், படகு தளர்ந்துதான் போகும். எனவே பம்பும் மானியும் கரையில் தங்கக்கூடாது. நீரில் இறக்கிப் பத்து நிமிடம் கழித்து மீண்டும் காற்றேற்றிய பிறகே அலையைத் தாண்டுங்கள்.

வால்வைப் படகின் உட்பக்கம் நோக்கி, பின்பலகைக்கு அருகில், தண்ணீர் தேங்காத உயரத்தில் பொருத்த வேண்டும். கயிறு உரசும் இடமும் ஆள் உட்காரும் இடமும் ஆகாது. மூடி உள்ள வகையையே வாங்குங்கள், ஏனெனில் நம் கடற்கரையின் நுண்மணல் ஒரு துகள் வால்வை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்கும் அது அமரும் விளிம்புக்கும் நடுவில் சிக்கினாலே இரவு முழுவதும் காற்று கசியும். சோப்பு நீரைத் தடவிப் பார்த்தால் சிறுசிறு குமிழிகள் விடாமல் எழும். அப்போது நல்ல தண்ணீரால் கழுவினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ஸ்பிரிங்கை இழுத்து நீட்டவோ, அடியில் வாஷர் போட்டு இறுக்கவோ வேண்டாம், திறக்கும் அழுத்தமே மாறிவிடும்.

துளை போடும் இடத்தில் அதே துணியில் ஒரு வட்ட ஒட்டு போட்டுவிட்டே துளையிட வேண்டும். பிவிசி படகுக்குப் பாலியூரித்தேன் பசை, ஹைபலான் என்ற செயற்கை ரப்பர் பூசிய துணிப் படகுக்கு நியோபிரீன் வகைப் பசை; ஒன்றுக்கு மற்றொன்று பிடிக்காது. காற்றில் ஈரம் மிகுந்தால் எந்தப் பசையும் ஏமாற்றும். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால், இந்த வேலையைப் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வைத்துக்கொள்வதே என் வழக்கம்.

பொருத்திய பின் மானியைப் பார்த்தபடி கால்பம்பால் மெதுவாக ஏற்றி, எந்த அளவில் சீறத் தொடங்குகிறது, எந்த அளவில் நிற்கிறது என்று ஒவ்வோர் அறைக்கும் குறித்துவையுங்கள். நிற்கும் அளவு, திறக்கும் அளவைவிடச் சற்றுக் குறைவாக இருப்பது இயல்பு. பஞ்சர் கடைக் கம்ப்ரசரை மட்டும் அருகில் கொண்டுவரக் கூடாது. இந்தச் சிறு வால்வு வெயிலின் மெதுவான விரிவுக்கு ஈடுகொடுக்குமே தவிர, அந்தக் காற்றின் வேகத்துக்கு ஈடுகொடுக்காது.

காலையில் காற்றேற்றி மாலையில் சுருட்டி வைக்கும் படகாக இருந்திருந்தால், துளை போட வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். உங்களுடையது நாள்கணக்கில் கரையில் கிடப்பதால்தான் மூன்று வால்வுகளைச் சொல்கிறேன். அவை வந்து சேரும்வரை படகை ஓலைப் பந்தலின் கீழ் இழுத்து வைத்து, 0.15 பாருக்கு இறக்கிவிடுங்கள்.