ஏபிஎஸ் பிரேக்: கேள்விகளும் ஒரு பிரேக் மெக்கானிக்கின் பதில்களும்

இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்களிலும் ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஆன்டி-லாக் பிரேக் அமைப்பு) இருந்தாக வேண்டும் என்பது சட்டம். ஆனால் அது என்ன செய்யும், எங்கே கைகொடுக்காது என்பதை சாவியைக் கையில் கொடுக்கும்போது யாரும் சொல்லித் தருவதில்லை. கார் பிரேக் வேலையை மட்டுமே முழுநேரமாகச் செய்கிறவன் நான். வந்த கேள்விகளுக்குத் தெரிந்த வரையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி (கோவை, புதிதாகக் கார் வாங்கியவர்): ஏபிஎஸ் இருப்பதால் வண்டி சட்டென்று நிற்கும் என்று ஷோரூமில் சொன்னார்கள். உண்மைதானே சார்?

பதில்: பாதி உண்மை. அதை முழு உண்மை என்று நம்பி ஓட்டுவதுதான் ஆபத்து.

சடன் பிரேக் அடித்ததும் சக்கரம் சுற்றுவது நின்று போனால் அதைத்தான் வீல் லாக் என்கிறோம். லாக் ஆன டயர் ரோட்டில் தேய்ந்துகொண்டே போகும். அப்போது ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகத்தான் போகும், ஏனென்றால் சுற்றுகிற டயருக்குத்தான் பக்கவாட்டுப் பிடிப்பு உண்டு. ஏபிஎஸ் சக்கரத்தை லாக் ஆக விடாமல் பார்த்துக்கொள்கிறது. முழு பிரேக்கில் இருக்கும்போதே குறுக்கே வந்த மாட்டையோ ஆளையோ விலகிப் போக முடிகிறது. அதன் முதல் வேலை இதுதான்.

தூரம் குறையுமா என்றால், மழையில் நனைந்த தார் ரோட்டில் நன்றாகவே குறையும். காய்ந்த தார் ரோட்டில் கொஞ்சம் குறையலாம். ஆனால் வேகத்தின் கணக்கை எந்தக் கருவியாலும் மாற்ற முடியாது. காய்ந்த ரோடு, நல்ல டயர் என்றே வைத்துக்கொள்வோம். 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் நிற்க 32 மீட்டர் அளவுக்குத் தேவை. 100-இல் போனால் 49 மீட்டர். மூளை உணர்ந்து கால் பெடலுக்குப் போவதற்குள் ஓடிவிடும் 20, 30 மீட்டரை இதில் சேர்க்கவில்லை. இதையே வேறு விதமாகச் சொல்கிறேன்: இரண்டு வண்டிகள் ஒரே இடத்தில், ஒரே அளவு பிரேக் அடிக்கின்றன. 80-இல் வந்தது நின்றுவிட்ட அந்தப் புள்ளியை, 100-இல் வந்தது இன்னும் 60 கிலோமீட்டர் வேகத்தில் கடந்துகொண்டிருக்கும். இரண்டிலும் ஏபிஎஸ் இருக்கிறது என்று வைத்துத்தான் இந்தக் கணக்கு.

கேள்வி (நாகர்கோவில், பாலிடெக்னிக் மாணவர்): உள்ளே என்னதான் நடக்கிறது அண்ணா?

பதில்: நான்கு சக்கரத்திலும் ஒவ்வொரு சென்சார் இருக்கும் தம்பி. எதிரே பல் வெட்டிய வளையம் அல்லது காந்த வளையம் சுற்றும். சக்கரத்தின் வேகம் கம்ப்யூட்டருக்குப் போய்க்கொண்டே இருக்கும். பிரேக் அடிக்கும்போது ஒரு சக்கரத்தின் வேகம் மட்டும் மற்றதை விடத் திடீரென்று சரிந்தால், அது லாக் ஆகப் போகிறது என்று அர்த்தம். உடனே அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஆயில் வழி மூடப்படும். அது போதாவிட்டால் இன்னொரு வால்வு திறந்து அழுத்தத்தைக் குறைக்கும். சக்கரம் மறுபடி சுற்றத் தொடங்கியதும் அழுத்தம் திரும்ப ஏறும். ஒரு நொடிக்குள் பத்துப் பதினைந்து முறை வரை இப்படி விட்டுப் பிடிக்கும். மனிதக் காலால் இந்த வேகம் முடியாது. அதோடு, கால் நான்கு சக்கரத்தையும் ஒன்றாகத்தான் விடும், பிடிக்கும். இது தனித்தனியாகச் செய்கிறது.

இந்த யோசனை முதலில் விமானத்தில் வந்தது. விமானத்துக்காக டன்லப் நிறுவனம் செய்த மாக்ஸரெட் கருவியை 1966-இல் ஜென்சன் எஃப்எஃப் என்ற காரில் பொருத்தினார்கள். நான்கு சக்கரத்துக்கும் எலக்ட்ரானிக் முறையில் போஷ் நிறுவனம் செய்த ஏபிஎஸ், 1978-இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் வந்தது. இன்றைக்கு நம் காரில் இருப்பது அந்த வழியில் வந்ததுதான்.

கேள்வி (மதுரை, கால் டாக்ஸி ஓட்டுநர்): பைபாஸில் ஒரு நாய் குறுக்கே வந்ததும் பிரேக்கை அமுக்கினேன். பெடல் தடதடவென்று ஆடியது, கீழே கடகடவென்று சத்தம். ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிட்டேன். இது கோளாறா அண்ணே?

பதில்: கோளாறே இல்லை. அந்தத் தடதடப்புதான் ஏபிஎஸ் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். வால்வு திறந்து மூடுவதும், பம்ப் ஆயிலைத் திருப்பித் தள்ளுவதும் உங்கள் பாதத்துக்குத் தெரிகிறது. அந்த நேரத்தில் காலை எடுத்தால் பிரேக்கே இல்லாமல் போகிறீர்கள்.

பழைய வண்டியில் கற்றுக்கொண்டவர்களுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. வழுக்கும் ரோட்டில் பிரேக்கை விட்டு விட்டு அமுக்கச் சொல்லித்தான் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். அம்பாசிடருக்கு அது சரி. ஏபிஎஸ் வண்டியில் அப்படிச் செய்தால், அது கணக்குப் போட்டு ஏற்றி வைத்த அழுத்தத்தை ஒவ்வொரு முறையும் நீங்களே இறக்கிவிடுகிறீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். பெடலைப் பலமாக ஒரே அமுக்காக அமுக்குங்கள். கியர் வண்டியாக இருந்தால் கிளட்சும் சேர்த்து. வண்டி நிற்கும் வரை அல்லது ஆபத்து விலகும் வரை காலை எடுக்காதீர்கள். கண் நாயைப் பார்க்கக்கூடாது, பக்கத்தில் இருக்கும் காலி இடத்தைப் பார்க்க வேண்டும். பார்க்கிற பக்கம்தான் கை திருப்பும். திருப்புவதையும் தேவையான அளவு மட்டும் திருப்புங்கள். பயத்தில் ஒரேயடியாக ஒடித்தால், பிடிப்பு இருக்கிற டயர் நீங்கள் சொன்னபடியே பள்ளத்திலோ எதிர்ச் சாரியிலோ கொண்டுபோய் விடும்.

இதை ஒரு தடவையாவது பழகிப் பார்க்க வேண்டும் என்பேன். மழை பெய்து ஓய்ந்த பிறகு ஆள் நடமாட்டம் இல்லாத பெரிய காலி இடத்துக்குப் போங்கள். 40 வேகத்தில் போய் முழு பலத்தோடு அமுக்குங்கள். அந்தச் சத்தமும் ஆட்டமும் காலுக்குப் பழக்கமாகிவிட்டால், ரோட்டில் நிஜமாகவே தேவைப்படும்போது கால் தானாக எழும்பாது. புது ஓட்டுநர்களுக்கு லைசென்ஸ் கொடுப்பதற்கு முன்பே இதைச் சொல்லித் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி (சிவகங்கை, விவசாயி): எங்கள் ஊருக்கு உள்ளே வரும் ஐந்து கிலோமீட்டரும் கிராவல் ரோடு. பழைய ஜீப் அதில் நன்றாக நின்றது. புதுக் கார் வழுக்கிக்கொண்டே போகிறது. ஏபிஎஸ் ஃபியூஸைப் பிடுங்கிவிடலாம் என்கிறார் ஒருவர்.

பதில்: நீங்கள் கவனித்தது சரிதான் ஐயா. உதிரி மண்ணிலும் ஜல்லியிலும் லாக் ஆன சக்கரம் கீழே தோண்டிக்கொண்டு போகும். டயருக்கு முன்னால் மண் குவிந்து, அதுவே முட்டுக் கொடுத்து நிறுத்தும். ஏபிஎஸ் சக்கரத்தைச் சுற்ற விடுவதால் அந்தக் குவியல் உருவாவதில்லை. அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை 1990-களின் கடைசியில் பல வகை ரோடுகளில் சோதித்துப் பார்த்தபோது, உதிரி ஜல்லியில் மட்டும் ஏபிஎஸ் வண்டிகள் சராசரியாக நான்கில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் தூரம் ஓடித்தான் நின்றன.

ஆனால் ஃபியூஸைப் பிடுங்க வேண்டாம். பெரும்பாலான வண்டிகளில் பின்சக்கர பிரேக் அளவைச் சரிபார்க்கும் இபிடியும் அதே கம்ப்யூட்டரில்தான் ஓடுகிறது. அது போனால் பின்சக்கரம் முதலில் லாக் ஆகி வண்டி சுழலும். ஐந்து கிலோமீட்டருக்காகப் பிடுங்கியதை மெயின் ரோட்டில் ஏறும்போது யாரும் திரும்பச் செருகப் போவதில்லை. ஃபியூஸ் இருக்கட்டும், கிராவலில் வேகத்தைக் குறையுங்கள், முன்னால் போகும் வண்டிக்கு இரண்டு பங்கு இடைவெளி விடுங்கள்.

கேள்வி (சேலம், கல்லூரி ஆசிரியை): இவ்வளவு சொல்கிறீர்களே, ஏபிஎஸ் வந்த பிறகு விபத்து குறைந்ததா?

பதில்: இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் கொஞ்சம் சிக்கலானது அம்மா. அமெரிக்காவில் பல வருட விபத்துப் பதிவுகளை அலசி 2009-இல் ஒரு அரசு அறிக்கை வந்தது. உயிரிழப்பு இல்லாத விபத்துகளில் ஏபிஎஸ் கார்கள் சிக்குவது 6 சதவீதம் குறைந்தது, வேன் மற்றும் எஸ்யுவி வகையில் 8 சதவீதம். உயிரிழப்பு விபத்துகளில் மொத்தமாகப் பார்த்தால் கிட்டத்தட்ட மாற்றமே இல்லை. பாதசாரிகள் மீது மோதுவது குறைந்திருக்கிறது. ஆனால் ரோட்டை விட்டு ஓரத்தில் இறங்கி நடக்கும் விபத்துகள் கூடி, அந்த நன்மையைச் சாப்பிட்டுவிட்டன. நான் மேலே சொன்ன, பயத்தில் ஸ்டீயரிங்கை ஒடிப்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் 1980-களில் நடந்த டாக்ஸி ஆய்வு இன்னும் யோசிக்க வைப்பது. ஒரே நிறுவனத்தின் டாக்ஸிகளில் சிலவற்றில் ஏபிஎஸ், சிலவற்றில் இல்லை. விபத்து எண்ணிக்கை குறையவில்லை. ஏபிஎஸ் இருந்த டாக்ஸி ஓட்டுநர்கள் வளைவில் வேகமாகத் திரும்பினார்கள், முன்வண்டியை நெருக்கினார்கள். கிடைத்த பாதுகாப்பை வேகத்துக்குச் செலவழித்துவிட்டார்கள்.

அதற்காக ஏபிஎஸ் இல்லாத காரை வாங்கச் சொல்வேனா? ஒருநாளும் மாட்டேன். வண்டி சுழலாமல் காக்கும் இஎஸ்சி என்ற அமைப்பு இந்த ஏபிஎஸ் சென்சாரையும் வால்வையும் வைத்துத்தான் இயங்குகிறது. உயிர் காப்பதில் அது ஏபிஎஸ்ஸை விடப் பல மடங்கு மேல். கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் சன்ரூஃப் வேண்டாம், இஎஸ்சி உள்ள மாடலை வாங்குங்கள்.

கேள்வி (ஈரோடு, குடும்பத்துடன் ஊட்டி செல்பவர்): ஏபிஎஸ் கார்தான். கல்லட்டி வழியாக இறங்கலாமா?

பதில்: அந்த வழியில் வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு, முதலில் அதை விசாரியுங்கள். 36 கொண்டை ஊசி வளைவுகள், செங்குத்தான இறக்கம். அங்கே நடக்கும் பிரேக் பிரச்சினைக்கும் ஏபிஎஸ்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. நியூட்ரலிலோ பெரிய கியரிலோ இறங்கி, பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் பேடும் டிஸ்க்கும் கொதித்துப் பிடிப்பு போய்விடும். பிரேக் ஆயில் பழையதாக இருந்தால் அதில் ஏறியிருக்கும் ஈரம் ஆவியாகி, பெடல் பஞ்சாகக் கீழே போகும். ஏபிஎஸ் பிரேக்கைக் குறைக்கத்தான் செய்யும், இல்லாத பிரேக்கை உண்டாக்காது. முதல் அல்லது இரண்டாம் கியரில் இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் எல் அல்லது மேனுவல் முறையில் போடுங்கள். எந்த மலையானாலும் இதேதான்.

கேள்வி (யாழ்ப்பாணம், பிரியஸ் வைத்திருப்பவர்): தம்பி, கிடங்கு விழுந்த ரோட்டில் மெதுவாக பிரேக் பிடிக்கும்போது ஒரு கணம் பிரேக் விட்டுப்போற மாதிரி இருக்கு. வயது போன வாகனம் என்பதாலா?

பதில்: மூன்றாம் தலைமுறை பிரியஸ் என்றால் இது தெரிந்த விஷயம் அக்கா. சக்கரம் பள்ளத்தில் துள்ளும்போது ஏபிஎஸ் குறுக்கிடும், மின்மோட்டாரே வேகத்தைக் குறைக்கும் மோட்டார் பிரேக்கிலிருந்து ஆயில் பிரேக்குக்கு மாறும் அந்த இடைவெளியைத்தான் கால் உணர்கிறது. 2010 பிப்ரவரியில் டொயோட்டா இதற்காகவே உலகம் முழுக்க நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹைபிரிட் வண்டிகளைத் திரும்ப அழைத்து, ஏபிஎஸ் மென்பொருளை மாற்றிக்கொடுத்தது. உங்களுடையது அதற்கு முன் தயாரானது என்றால், சேசிஸ் எண்ணைக் கொடுத்து அந்த மாற்றம் செய்யப்பட்டதா என்று கேளுங்கள். எப்படியானாலும் அந்த நேரத்தில் காலைத் தளர்த்தாமல் இன்னும் அழுத்துங்கள், பிரேக் பிடிக்கும்.

கேள்வி (திருச்சி): வீல் பேரிங் மாற்றியதிலிருந்து மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு எரிகிறது. மாடியூல் (ஏபிஎஸ்ஸின் கம்ப்யூட்டரும் வால்வும் உள்ள பெட்டி) போய்விட்டது, நாற்பதாயிரம் ஆகும் என்கிறார்கள்.

பதில்: பணத்தைக் கொடுக்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். பேரிங் மாற்றிய பிறகுதான் விளக்கு வந்தது என்றால் சந்தேகம் பேரிங் மேல்தான் வர வேண்டும். நிறைய கார்களில் பேரிங்கின் ஒரு பக்க சீலுக்குள்ளேயே காந்த வளையம் இருக்கிறது. பார்வைக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியும். திருப்பி அடித்துவிட்டால் சென்சாருக்கு எதுவும் தெரியாது. அது சரியாக இருந்தால் சென்சாரைக் கழற்றிப் பாருங்கள். முனையில் இரும்புத் தூள் மீசை மாதிரி ஒட்டியிருந்தால் துடைத்தாலே போதும். அடுத்தது ஒயர், வேலை பார்த்தபோது இழுபட்டு உள்ளே அறுந்திருக்கலாம். மாடியூல் எல்லாவற்றுக்கும் கடைசி.

மஞ்சள் விளக்கு மட்டும் என்றால் சாதாரண பிரேக் வேலை செய்யும், ஏபிஎஸ் மட்டும் இல்லை. சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு பிரேக் ஆயில் அளவைப் பாருங்கள். ஆயில் குறைந்திருந்தால் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

கேள்வி (வேலூர்): பைக்கில் ஏபிஎஸ் தேவையா?

பதில்: காரை விட பைக்குக்குத்தான் அதிகம் தேவை. முன்சக்கரம் லாக் ஆனால் கார் சறுக்கும், பைக் விழும். 125 சிசிக்கு மேல் 2019 ஏப்ரலிலிருந்து கட்டாயம். சிங்கிள் சேனல் என்றால் பெரும்பாலும் முன்சக்கரத்துக்கு மட்டும்தான், பின் பிரேக்கைப் பார்த்து மிதியுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): பழைய கார் வாங்கப் போகிறேன். ஏபிஎஸ் வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: சாவியை ஆன் மட்டும் செய்யுங்கள், ஸ்டார்ட் வேண்டாம். ஏபிஎஸ் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம் அல்லது வேறு விளக்கோடு சேர்த்து ஒயர் கட்டியிருக்கலாம். ஸ்கேனர் உள்ள மெக்கானிக்கைக் கூட்டிப்போய் 20 வேகத்தில் ஓட்டி, நான்கு சக்கர வேகமும் திரையில் ஒன்றுபோல் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நான்கு டயரும் ஒரே சைஸா, பட்டன் (டயர் மேலுள்ள வரிகளின் ஆழம்) எவ்வளவு இருக்கிறது என்பதையும் பாருங்கள். மொட்டை டயரை ஏபிஎஸ்ஸால் ஒன்றும் செய்ய முடியாது. பிரேக் ஆயில் கறுத்திருந்தால், விலை பேசும்போதே ஆயில் மாற்றும் செலவைக் கழித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.