இடம்பாடி எங்கே?

அன்புள்ள ஐயா,

பாறசாலைக்காரன் நான். இறையியல் கல்லூரியில் பி.டி. (இறையியல் இளநிலைப் பட்டம்) மூன்றாம் ஆண்டு. 'பண்பாட்டில் வேரூன்றிய கற்பித்தல்' என்று எங்களுக்கு ஒரு பட்டறை வைத்தார்கள். வில்லுப்பாட்டுக் குழு வந்தது, கைதட்டினோம். மறுவாரம் பழையபடி ஆங்கிலத்தில் நோட்ஸ். நம் எளிய நாட்டுப்புறக் கலைகள் உயர்கல்வியின் ஆழத்தைத் தாங்குமா? ஆய்வேட்டுக்கு எந்த நூல்களைப் படிக்கலாம்? (பெயர் வேண்டாம்.)

அன்புள்ள தம்பி,

தாங்குமா என்றா கேட்கிறாய்? தஞ்சாவூர் கிறிஸ்தவ வேதபள்ளியில் வாத்தியாராக இருந்த வேதநாயக சாஸ்திரியார், 1800 வாக்கில் பாடிய பெத்லகேம் குறவஞ்சியில் கோள்கள் சூரியனைச் சுற்றுவதைக்கூட வைத்துப் பாடினார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டில் வழிபாடே கட்டினார். மூன்று வருஷம் படித்தும் இதெல்லாம் உன் காதில் விழவில்லையா?

ஆங்கிலப் புலம்பலை விடு. பட்டம் வேண்டுமென்றால் அதையும் படித்துத்தான் ஆகவேண்டும்.

எங்கள் வீட்டில் கொடைக்கு, அதாவது வில்லுப்பாட்டு நடக்கும் ஊர்க்கோயில் திருவிழாவுக்கு, போகக்கூடாது என்பார்கள். மாமா ஒருவர் ஜெபக்கூட்டத்துக்கு என்று சொல்லிக் களியக்காவிளைப் பக்கம் கூட்டிப்போவார். அண்ணாவி, அதாவது தலைமைப் பாடகர், வீசுகோலை வில்லில் தட்டிக் கதையை ஓட்டுவார். அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து பதில் பாடுகிற இடம்பாடி வெறுமனே 'ஆமா' போடுகிற ஆளில்லை. "அதெப்பிடி ஓய், வரம் குடுத்த சாமியே அவனைக் கொல்லுமா?" என்று குறுக்கே விழுவார். கூட்டத்தில் பாதிப் பேர் மனசில் இருந்த கேள்வி அது. அண்ணாவி கதையை நிறுத்தி, ஒரு கிளைக்கதை சொல்லி, அவரைச் சம்மதிக்க வைத்தால்தான் மேலே நகர முடியும். சில நாள் சம்மதிக்கவே மாட்டார். சனம் சிரிக்கும், அண்ணாவி வியர்ப்பார்.

முறை என்பது அதுதான் தம்பி. உங்கள் கல்லூரி வில்லையும் குடத்தையும் மேடையேற்றிவிட்டு, இடம்பாடியை வாசலிலேயே நிறுத்திவிட்டது. பைபிளில் யோபுவின் புத்தகத்தை எடுத்துக்கொள். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்று மூன்று பேர் மாறி மாறி வாதாடுகிறார்கள், யோபு விடாமல் திருப்பிக் கேட்கிறான், கடவுளிடமே கேட்கிறான். அதை ஒரு வாத்தியார் ஒரு மணி நேரம் தனியாகப் பேசி, நாற்பது பேர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டால் யோபுவுக்கே அடுக்குமா? நடுவில் ஒருவன் எழுந்தால் வாய்க்கொழுப்பு என்று பெயர். விடைத்தாளில் கேள்வி கேட்க ஒரு வரி இடமாவது உண்டா? அதற்கு மார்க் உண்டா? தேர்வு மாறாமல் பாடம் நடத்துகிற விதம் மட்டும் மாறினால், பையன்கள் நாலு நாளில் பழைய கைடுக்கே திரும்பிவிடுவார்கள். நீயும்தான்.

வில்லே வேண்டாம். வகுப்புக்கு ஒருவரை இடப்பக்கம் உட்காரவைத்து, குறுக்கே பேசுவது உன் வேலை என்று சொல்லட்டும். அவர் கேட்டதற்கு மதிப்பெண் போடட்டும். ஆசிரியர்களுக்குப் பிடிக்காது, தெரியும்.

நூல்பட்டியல் பிறகு அனுப்புகிறேன். அதற்குள் உன் ஊர்ப்பக்கம் ஒரு இடம்பாடியைப் பிடித்து, எந்த இடத்தில் விடாமல் கேட்பார், எந்த இடத்தில் விட்டுக்கொடுப்பார் என்று விசாரித்து எழுது. ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்துக்கு அதுவே போதும்.