ஆச்சியின் பேச்சை எப்படி எழுத்தாக்குவது?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டில் எண்பது வயது ஆச்சியைப் பேட்டி எடுக்கப் போகிறேன். எப்படிப் பதிவு செய்து எழுதுவது? எழுத்தாளர்கள் பலர் பேட்டி என்றாலே ஏன் ஒதுங்குகிறார்கள்?

பதில்:

இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். எழுதுகிறவருக்கு வாயில் வந்த வாக்கியம் முதல் பிரதிதான். அடித்துத் திருத்துவதுதான் அவர் தொழில். அதனால்தான் நாவலாசிரியர் நபக்கோவ் கேள்விகளை எழுத்தில் வாங்கி எழுத்திலேயே பதில் தந்தார். 1953இல் தொடங்கிய பாரிஸ் ரிவ்யூ என்ற இலக்கிய இதழின் பேட்டிகளில் எழுத்தாளரே பிரதியைத் திருத்தித் தரலாம். எழுத்தாளர் கிப்ளிங் 1889இல் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெய்னைத் தேடிப்போய்ப் பேசி எழுதியவர். பின்னாளில் தன்னிடம் வந்த நிருபர்களை அண்டவிடவில்லை. ஆச்சிக்கு இந்தக் காவல் எதுவும் இல்லை. அவர் சொன்னது அவர் சொன்னபடியே போய்ச் சேருவது முழுக்க உங்கள் கையில்.

வளவில், அதாவது வீட்டின் நடுக்கட்டில், உட்கார்ந்து பதிவு செய்யாதீர்கள். நான்கு பக்கமும் சுவர், கீழே கல்தரை, நடுவே திறந்த முற்றம். குரல் எதிரொலித்து, பல சொற்கள் பின்னால் புரியாது. பாயும் மெத்தையும் துணிமணியும் உள்ள சின்ன அறை நல்லது. மின்விசிறியை நிறுத்துங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, ஆச்சியிடமிருந்து ஒரு முழத்துக்குள் துணிமேல் வையுங்கள். இன்னொரு போனிலும் பதியட்டும். காலைப் பலகாரத்துக்குப் பிறகு போங்கள், ஒரு மணி நேரம் போதும். அதை எழுத்தாக்கவே நான்கு மணி நேரமாவது பிடிக்கும்.

சுற்றி உட்காரும் மகனும் மருமகளும் பதில் சொல்லத் தொடங்குவார்கள். தடுக்க வேண்டாம். பத்து நிமிடம் கழித்து, "ஆச்சி, சுவத்துல இருக்கிற அந்தப் போட்டோவ ஒருதரம் காட்டுறீங்களா?" என்று கேட்டு அவரோடு எழுந்து போங்கள். படத்தின் முன்னால் அவர் குரல் மட்டும் இருக்கும்.

"பர்மா வாழ்க்கை எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்பதோடு முடிந்துவிடும். "ஐயா பர்மாவுலேருந்து வந்தா பெட்டியில என்னென்ன இருக்கும்?" என்று கேளுங்கள். அடுத்த கேள்வி, "நீங்க பாத்ததா, சொல்லக் கேட்டதா?" எண்பது வயதுக்காரருக்கு, ஜப்பானியர் பர்மாவுக்குள் வந்த 1942 கேட்ட கதைதான். அதையும் எழுதலாம், கேட்டது என்று குறித்துவிட்டு.

ஆண்டுக்கணக்கில் பெரிய தவறு நேரும். ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது 1942 மார்ச். அது விசு வருஷம். அடுத்த மாதம்தான் சித்திரபானு பிறந்தது. ஆச்சி தமிழ் வருஷம் சொன்னால் மாதத்தையும் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் ஓராண்டு பிசகும்.

எழுதும்போது பலர் செய்யும் பாழ் இதுதான்: "கொண்டுவிக்கப் போனாக" என்று ஆச்சி சொன்னதை "வணிகம் செய்யச் சென்றார்" என்று மாற்றுவது. கடல் கடந்து வட்டிக்கடைக்குப் போன ஒரு சமூகத்தின் வரலாறு முழுக்க அந்தக் 'கொண்டுவிக்க'வில் இருக்கிறது. 'ஆக'வில் மரியாதை இருக்கிறது. கேள்வியும் உங்கள் விவரிப்பும் பொதுத்தமிழில் இருக்கட்டும், பதில் அவர் பேச்சிலேயே. "வந்து", "என்னன்னா" போன்ற ஒட்டுகளை எடுக்கலாம். வரிசையையும் மாற்றலாம். ஒரு கேள்விக்குச் சொன்னதை வேறு கேள்விக்குக் கீழே ஒட்டுவது மட்டும் கூடவே கூடாது.

அச்சுக்குப் போகுமுன் ஊர், உறவு, வருஷம், தொகை நான்கையும் ஆச்சிக்கு வாசித்துக் காட்டுங்கள். சொத்து, சண்டை பற்றி எதையாவது எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள். பதவியில் இருப்பவரின் பேட்டிக்கு இந்தச் சலுகை இல்லை. அங்கே தகவலை மட்டும் சரிபார்க்க வேண்டும், சொன்ன சொல்லைத் திருத்த விடக்கூடாது.